நூற்பதும் பின்னுவதும்: தவறு நடப்பது ஓரிடம், தெரிவது வேறிடம்

கையால் சுழற்றி நூற்கும் சிறு குச்சியான தக்ளியில் முதன்முதலாக ஒரு முழ நூல் அறுந்து போகாமல் வந்த அன்று, அதைக் கழற்றாமல் வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். காலையில் வெறும் பஞ்சாகக் கிடந்தது மாலையில் நூலாகக் கையில் இருப்பது அவ்வளவு பெரிய சந்தோஷம். ஆனால் அந்த நூலை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து பின்னிய மேல்சட்டை, ஒரே சலவையில் கோணிக்கொண்டு போனபோது வந்த வருத்தமும் சின்னதல்ல.

இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட்டது இதுதான். நூற்கும்போது செய்த தவறு பின்னும்போதுதான் தெரியும். தொடங்குமுன் செய்யாமல் விட்டது துவைத்த பிறகுதான் தெரியும். அதனால் தவறு வெளிப்படும் இடத்தில் தேடாமல், அது முளைக்கும் இடத்திலேயே பிடிப்பது நல்லது.

முதல் தவறு சாமான் வாங்கும்போதே நடக்கிறது. காணொளிகளில் வருகிறவர்கள் அந்தரத்தில் தொங்கும் கதிரில், அதாவது சுழன்று நூலை முறுக்கும் குச்சியில், கம்பளி நூற்பார்கள். அதே கதிரை வாங்கிக்கொண்டு வந்து பருத்தியைப் போட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை கதிர் தரையில் விழும். குற்றம் கையில் இல்லை, இழையின் நீளத்தில் இருக்கிறது. மெரினோ கம்பளியின் இழை 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நம் நாட்டு ரகமான கருங்கண்ணிப் பருத்தியின் இழை ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டருக்குள்தான். இவ்வளவு குட்டை இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள நிறைய முறுக்கு ஏற வேண்டும். அதற்கு முன்பே எடையைத் தொங்கவிட்டால் எப்படித் தாங்கும்? அதனால்தான் தக்ளியின் நுனியைக் கிண்ணத்திலோ கொட்டாங்குச்சியிலோ ஊன்றிச் சுழற்றுகிறார்கள். பருத்தி என்றால் தக்ளி அல்லது ராட்டை, கம்பளி என்றால் தொங்கும் கதிர். இப்படிப் பிரித்துக்கொண்டாலே பாதி எரிச்சல் போய்விடும்.

அடுத்தது அவசரம். எனக்கு நூற்கச் சொல்லிக்கொடுத்தவர் அம்மாயி, அம்மாவின் அம்மா. அவர் பள்ளிக்கூடத்தில் தக்ளி கற்ற தலைமுறை. நான் பட்டையை, அதாவது நூற்கச் சுருட்டி வைத்த பஞ்சை, வெடுக்கென்று இழுப்பேன், நூல் அறுந்துவிடும். "இழுத்தா அந்து போயிரும் கண்ணு, முறுக்கு வரட்டும்" என்பார். அவர் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விளங்கியது. பட்டையை முட்டையைப் பிடிப்பதுபோல் தளர்வாகப் பிடித்திருப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் ஒரு கதவு மாதிரி திறந்து மூடும். கதிர் சுழலும்போது கை மெல்லப் பின்னால் போகும். முறுக்கு ஏறிக்கொண்டு வருவதும் இழைகள் வழுக்கிக்கொண்டு விலகுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். முறுக்கு கதவைத் தாண்டிப் பட்டைக்குள் புகுந்துவிட்டால் இழைகள் பூட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. முறுக்கு வருவதற்குள் இழுத்தால் பஞ்சு பஞ்சாகவே பிய்ந்து வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடி கைக்குப் பழக எனக்கு மூன்று வாரம் ஆனது. அது பழகிய நாளிலிருந்து நூற்பதைப் போல மனத்துக்கு அமைதி தரும் வேலை வேறொன்றை நான் கண்டதில்லை.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் ஓடும். ஓரிடம் தடிமனாகவும் அடுத்த இடம் மெலிந்தும் வந்தால், மெலிந்த இடம் கம்பிபோல் இறுகிவிடும், தடித்த இடம் முறுக்கே இல்லாமல் பொசபொசவென்று நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பின்னி உடுத்தினால் அந்தத் தடித்த இடங்கள்தான் முதலில் பிசிறு கட்டும்.

ஒற்றைப் புரி நூலை, அதாவது இன்னொன்றோடு சேர்த்து முறுக்காத தனி நூலை, அப்படியே பின்னுவது அடுத்த பெரிய தவறு. என் மேல்சட்டை கோணியதற்குக் காரணம் இதுதான். ஒரே பக்கமாக முறுக்கிய நூல் திரும்ப அவிழத்தான் பார்க்கும். பின்னலின் ஒவ்வொரு கண்ணியிலும், அதாவது வளையத்திலும், அந்த இழுவிசை இருந்தால் துணி மொத்தமும் ஒரு பக்கம் சாயும். இதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். சில பனியன்கள் நாலு சலவைக்குப் பின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும் அல்லவா? அதற்கும் முக்கியக் காரணம் நூலின் முறுக்குதான். இதற்கு மருந்து, இரண்டு நூல்களைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கி இரட்டைப் புரியாக்குவது. வலப்பக்கம் சுழற்றி நூற்றிருந்தால் சேர்க்கும்போது இடப்பக்கம் சுழற்ற வேண்டும். சரியாக வந்ததா என்று பார்க்க, சேர்த்த நூலில் ஒரு முழத்தை வளையமாகத் தொங்கவிடுங்கள். தானாகத் திருகிக்கொள்ளாமல் நின்றால் நூல் சமமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இரட்டைப் புரி என்றால் நீளம் பாதியாகும். இதைக் கணக்கில் எடுக்காமல் சட்டையின் கைப்பகுதி பாதியில் நிற்கும்போது நூல் தீர்ந்துபோய் நிற்பவர்கள் அதிகம். பெரியவர் ஒருவரின் ஸ்வெட்டருக்கு நடுத்தரப் பருமன் நூலில் ஏறக்குறைய 1000 மீட்டர் வேண்டும், அதாவது 2000 மீட்டர் நூற்க வேண்டும். 1924-ல் காந்தி தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2000 கெஜம் நூலை வைத்தது. அது 1800 மீட்டரைச் சற்றுத் தாண்டும். நூற்க உட்கார்ந்து பார்த்தால்தான் அந்தச் சந்தா எவ்வளவு கனமானது என்று புரிகிறது.

நூற்ற கையோடு பின்னத் தொடங்காதீர்கள். பருத்தி நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். வெள்ளைவெளேரென்று இருந்த நூலிலிருந்து தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். பருத்தியில் இயல்பாக இருக்கும் மெழுகுப் பொருள்கள் இறங்குவதால் வரும் நிறம் அது. முறுக்கும் அதோடு நிலைத்துவிடும். கம்பளியை மட்டும் கொதிக்கவிடக் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி நுண்ணிய அடுக்குகள் உண்டு. சூடும் கசக்கலும் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி கெட்டியாகிச் சுருங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும்.

அப்புறம், கடையில் கம்பளி நூல் என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக். ஒரு சிறு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். அதன் மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் துணி தொய்ந்துவிடும், திரும்பச் சரியாகாது.

அளவு பார்க்கச் சாம்பிள் துண்டு ஒன்றைப் பின்னாமல் தொடங்குவதைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். பின்னல் குறிப்பில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்றிருக்கிறது, உங்கள் கை சற்று இறுக்கம், 22 வருகிறது. இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் 100 சென்டிமீட்டர் மார்பளவுக்காகப் போட்ட 200 கண்ணி, உங்கள் கையில் 91 சென்டிமீட்டர்தான் வரும். சட்டை இறங்காது. அந்தத் துண்டையும் துவைத்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் அளக்க வேண்டும். பருத்திப் பின்னல் தன் எடையிலேயே நீளும் என்பதால் நான் துண்டைக் கிளிப் போட்டு ஓர் இரவு தொங்கவிட்டும் பார்க்கிறேன்.

கடை நூல் என்றால் சாய லாட் எண், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூல்களுக்குத் தரும் எண், எல்லா உருண்டையிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். கையால் நூற்றதற்கு லாட் ஏது? அதனால் இரண்டு சிட்டங்களை வைத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பின்னினால் வேறுபாடு பரவி மறைந்துவிடும்.

தவறு தெரிந்த பிறகும் பிரிக்க மனம் வராமல் மேலே பின்னிக்கொண்டே போவதைப் பலரிடம் பார்க்கிறேன். பிரிக்கத் தயங்குவதற்குக் காரணம், கண்ணிகள் நழுவிவிடும் என்ற பயம். சிக்கலான பகுதி தொடங்கும் முன், ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூலைக் கோத்து விட்டுவிடுங்கள். எவ்வளவு பிரித்தாலும் அந்த வரிசையில் வந்து நின்றுவிடும்.

கோணிப்போன என் மேல்சட்டையையும் சென்ற மாதம் முழுசாகப் பிரித்தேன். நூல் நூடுல்ஸ் மாதிரி நெளிநெளியாக வந்தது. சிட்டமாகச் சுற்றி நனைத்து, அடியில் ஒரு சின்னக் குவளையைக் கட்டித் தொங்கவிட்டதில் நெளிவு போய்விட்டது. இப்போது அதைத்தான் இரட்டைப் புரியாக முறுக்கிக்கொண்டிருக்கிறேன், ஐந்து சிட்டத்தில் மூன்று முடிந்திருக்கிறது.