பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்றால் முதலில் டிரைவரில் கை வைக்காதீர்கள்

எங்களிடம் வேலை பழக வந்திருக்கும் தம்பிகள் இரண்டு பேரைப் போன வாரம் ஒரு வீட்டுக்கு அனுப்பினேன். வைஃபை பிரிண்டர் அடிக்கடி இணைப்பு விட்டுப்போகிறது என்று புகார். பின்னாலேயே நான் போய்ச் சேர்ந்தபோது ஒருவர் லேப்டாப்பில் டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருளை, அழித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஃபேக்டரி ரீசெட் செய்ய பிரிண்டர் பட்டனை அழுத்திப் பிடித்திருந்தார். வேலை பழகிய காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேப்பர் இருக்கிறதா, பாஸ்வேர்ட் மாறியதா, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தீர்களா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

டிரைவரை அழித்து மறுபடி போடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் இது பலிக்கும். அழித்துப் போட்டதும் பிரிண்ட் வந்துவிடும், வீட்டுக்காரர் பணம் கொடுப்பார், நாம் கிளம்பிவிடுவோம். பத்து நாளில் ஒரு கரண்ட் கட். மறுபடி 'ஆஃப்லைன்'.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்கில் அதன் முகவரி நம்பர்) கொடுக்கிறது. அது சொந்தமில்லை, இரவல். கரண்ட் போய் வந்தால் பல வீட்டு ரவுட்டர்கள் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடும். நேற்றுவரை பிரிண்டரிடம் இருந்த 192.168.1.4 இன்றைக்கு டிவிக்குப் போயிருக்கும், பிரிண்டருக்கு 192.168.1.7 கிடைத்திருக்கும். விண்டோஸில் இருக்கும் போர்ட்டோ (பிரிண்டை எந்த அட்ரஸுக்கு அனுப்புவது என்ற குறிப்பு) பழைய 4-இன் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் வைஃபை விளக்கு அணையாமல் எரியும். மொபைல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேடுவதால் அதிலிருந்து பிரிண்ட் போகும். லேப்டாப் மட்டும் ஆஃப்லைன் என்று அடம்பிடிக்கும். இணைப்பு எங்கேயும் அறுந்திருக்காது.

டிரைவரை மறுபடி போட்டால் புது நம்பருக்குப் புது போர்ட் உருவாகிறது. அவ்வளவுதான் அந்த மருந்தின் குணம். பழையதைச் சரியாக அழிக்காவிட்டால் ஒரே பிரிண்டர் 'காப்பி 1', 'காப்பி 2' என்று பட்டியலில் வரிசை கட்டும்.

வீட்டில் டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சருக்கு இதுதான் நடந்தது. மூன்று முறை டிரைவர் போட்டுப் பார்த்த ஒருவர், நான்காவது முறை "வைஃபை கார்டு போயிடுச்சு, வேற வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். டீச்சர் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் புது இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினார். இரண்டு வாரத்தில் அதுவும் ஆஃப்லைன். பிறகு ஆறு மாதம் யுஎஸ்பி கேபிளிலேயே ஓட்டியிருக்கிறார். நான் போனபோது பழைய பிரிண்டர் போர்வை சுற்றிப் பரண் மேல் இருந்தது. இறக்கி, வைஃபையில் சேர்த்து, நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிட்டேன். சும்மா கிடந்து மை தெளிக்கும் ஹெட் காய்ந்ததால் வரிக்கு வரி வெள்ளைக் கோடு. ஆனாலும் 192.168.1.9 என்பது படிக்கும்படி இருந்தது. லேப்டாப்பில் அதன் போர்ட் 192.168.1.4. வைஃபை கார்டு நன்றாகத்தான் இருந்தது. ஹெட்டைக் காப்பாற்ற முடியவில்லை. போர்ட்ஸ் பக்கத்தை ஒரே ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் அந்தப் பதினைந்தாயிரம் மிஞ்சியிருக்கும்.

செய்ய வேண்டியது இது. பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை எடுங்கள். ஐபி அட்ரஸும் மேக் அட்ரஸும் (கருவிக்கே உரிய அடையாள எண்) அதில் இருக்கும். (169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் நம்பரே கொடுக்கவில்லை என்று பொருள். அது வேறு கோளாறு.) ரவுட்டரில் நம்பர் கொடுப்பதைக் கவனிக்கும் டிஎச்சிபி பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' இருக்கும், சில மாடல்களில் 'ஸ்டாட்டிக் லீஸ்' என்று போட்டிருப்பார்கள். அதில் அந்த மேக் அட்ரஸுக்கு ஒரு நம்பரை, உதாரணமாக 192.168.1.50-ஐ, ஒதுக்கிவிட்டுப் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். அப்புறம் விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ், ஆட் போர்ட், 'ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்'. அதே நம்பரைக் கொடுங்கள். பழைய போர்ட்டின் பெயர் 'டபிள்யூஎஸ்டி' (விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்துப் போட்டது) என்று தொடங்கினாலும் இப்படி மாற்றிவிடுவதே நல்லது. பிரிண்ட் வந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால், போர்ட் அமைப்பில் பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

பிரிண்டர் திரையிலேயே ஐபி நம்பரைப் போட்டுவிடுவது

மேலே சொன்னதைப் பாதி புரிந்துகொண்டவர்கள் செய்வது. ரவுட்டருக்குத் தெரியாமல் பிரிண்டர் தானாக 192.168.1.5-ஐ எடுத்துக்கொள்ளும். பகலில் பிரச்சினை இருக்காது. சாயங்காலம் பிரிண்டர் அணைந்திருக்கும்போது வேலையிலிருந்து வருகிறவரின் மொபைலுக்கு ரவுட்டர் அதே 5-ஐக் கொடுக்கும். பிரிண்டரைப் போட்டதும் இரண்டும் மோதும். காலையில் அடிக்கிறது, ராத்திரியில் அடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். நம்பரை ரவுட்டரில் ஒதுக்குங்கள், பிரிண்டரைத் தானியங்கியிலேயே விடுங்கள்.

புது ரவுட்டர் வந்ததும் பிரிண்டரைக் குறை சொல்வது

வீட்டு பிரிண்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டுமே தெரிந்தவை. புது ரவுட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் காட்டும்போது பழைய பிரிண்டர்கள் சில தடுமாறும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். 2.4-இன் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 இவற்றில் ஒன்றில் நிறுத்துங்கள். வைஃபை பாதுகாப்பு 'டபிள்யூபிஏ3 மட்டும்' (புதிய முறை மட்டும்) என்று இருந்தால் பழைய பிரிண்டர் உள்ளேயே வராது. டபிள்யூபிஏ2-வையும் அனுமதிக்க வேண்டும்.

கெஸ்ட் வைஃபையில் பிரிண்டர்

விருந்தாளிகளுக்கான அந்தத் தனி வைஃபையில் பெரும்பாலும் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்காதபடி தடுப்பு இருக்கும். வெளியே எடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன்

லேப்டாப்பை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும்போது வீட்டு நெட்வொர்க்குக்குப் போகும் வழியையே பல ஆபீஸ்கள் அடைத்துவிடுகின்றன. அதைத் துண்டித்துவிட்டு ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். வந்துவிட்டால் பிரிண்டரைத் தொட வேண்டாம்.

சுவர் சுவிட்சில் பிரிண்டரை அணைப்பது

இங்க்ஜெட் பிரிண்டரில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும். சுவரில் அணைத்தால் திறந்தபடியே நின்று காயக்கூடும். டீச்சர் வீட்டுப் பழைய பிரிண்டரும் சுவர் சுவிட்சில்தான் அணைக்கப்பட்டிருந்தது.

இரும்பு பீரோ மேல்

பிரிண்டர் அங்கே இருந்தால் இறக்குங்கள். இரும்பு வைஃபை சிக்னலைத் தடுக்கும்.

ஒரு பக்கம் அச்சாகி வந்ததும் கிளம்பிவிடுவது

அன்றைக்குத் தம்பிகளை அப்படிப் போகவிடவில்லை. நம்பரை ஒதுக்கி முடித்ததும் ரவுட்டரின் பிளக்கையே பிடுங்கச் சொன்னேன். பிரிண்டரையும் அணைத்தோம். ரவுட்டரைப் போட்டு, வீட்டிலிருந்த மொபைல்களும் டிவியும் முதலில் சேரும்வரை காத்திருந்து, கடைசியாகத்தான் பிரிண்டரைப் போட்டோம். இப்படி மூன்று முறை. மூன்று விவரப் பக்கங்களிலும் 192.168.1.50. மூன்றாவது தாளை மடித்து ஸ்கேனர் மூடிக்கடியில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்து யார் போனாலும் டிரைவரை அழிப்பதற்கு முன் அந்த நம்பர் கண்ணில் படட்டும்.