அனுப்பிய படம் மங்கலாகப் போனால்

எறும்பின் உணர்கொம்பில் ஒட்டியிருந்த மகரந்தத் துகளைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது கறுப்புப் புள்ளிதான். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், நுணுக்கங்கள்தான் முதலில் அடிபடும். ஹெச்டி பொத்தானைத் தட்டினால் ஓரளவு தேறும். அசல் அப்படியே போக, இணைப்புக் குறியைத் தட்டி ‘டாக்குமென்ட்’ வழியாகப் படக்கோப்பைத் தேர்ந்தெடுங்கள். எனக்குச் சரிப்பட்டது இதுதான்.

ஆனால் ஒன்று: அப்படி அனுப்பும்போது படத்தில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் இடக்குறிப்பும் கூடவே போய்விடும். வீட்டில் எடுத்த படமென்றால் முகவரியையே கொடுத்த மாதிரி. அதனால் கேமரா அமைப்புகளில் லொகேஷனை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? எறும்பு இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி, சாதாரணப் படமாகவே அனுப்பலாம், அப்போது இடக்குறிப்பு கூடப் போகாது. வெட்டியது சிறியது, சுருக்குவதற்கு அதிகம் இருக்காது. துகளும் தெளிவாகத் தெரியும்.