‘தப்பு என்மேல்தான்’ என்று சொல்வதிலும் நாம் செய்யும் தவறுகள்

தவறை ஒத்துக்கொள்வதே பெரிய விஷயம் என்பார்கள். ஒத்துக்கொள்கிற விதத்திலேயே பலர் கோட்டை விடுகிறார்கள்.

“சரி, என் தப்புதான். ஆனா நீங்க அன்னைக்கே தெளிவா சொல்லியிருந்தா...” இந்த ‘ஆனா’ வந்ததுமே முன்னால் சொன்னது செல்லாது. காரணம் சொல்லவே கூடாது என்பதில்லை, அதே மூச்சில் சொல்லாதீர்கள். “தேதியை நான் சரிபார்க்கலை, அதனால உங்களுக்கு ரெட்டை வேலை ஆயிடுச்சு” என்று குறிப்பாகச் சொல்லி நிறுத்துங்கள். அவர் கேட்டால் காரணத்துக்கு வரலாம். “நான் எதுக்குமே லாயக்கில்லை” என்று புலம்பித் தள்ளுகிறவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவரே உட்கார்ந்து தேற்றவேண்டியிருக்கும். பார்க்கப் பணிவாகத் தெரிந்தாலும், என்னைக் கேட்டால் இது ‘ஆனா’வைவிட மோசம்.

அடுத்தது, நாம் நினைத்ததற்கு ஆதாரம் மட்டுமே தேடுவது. பிரிட்டிஷ் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிப்படி அமைந்தவை. வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். 8, 10, 12 என்றால் ‘பொருந்தும்’ என்று பதில் வரும். 20, 22, 24 என்றாலும் பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொன்னவர்கள் ஏமாந்தார்கள். எண்கள் ஏறுவரிசையில் இருந்தால் போதும், அவ்வளவுதான் விதி. 1, 2, 3 பொருந்துமா என்று ஒரு தடவை கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். சார்லஸ் டார்வின் இதில் உஷார். தன் முடிவுக்கு ஒத்துவராத தகவல் கண்ணில் பட்டால் உடனே குறித்துவைத்துவிடுவார். சாதகமானதைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகிறது என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

எதிராளியின் நியாயத்தைப் புரிந்துகொண்டால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடுமோ என்று சிலருக்குப் பயம். ஆகாது. அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் அவரிடமே சொல்லிப் பாருங்கள். “ஆமா, அதேதான்” என்றால் அப்புறம் தாராளமாக மறுக்கலாம். “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்றால், இதுவரை யாரோடு சண்டை போட்டீர்கள்?

அதற்காக, ரெண்டு பக்கமும் பாதிப்பாதி நியாயம் என்று பஞ்சாயத்தை முடிப்பதும் சரியல்ல. மாத்திரை ஒன்றா இரண்டா என்று இருவர் வாதாடினால், ஒன்றரை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துப் பார்க்க வேண்டும்.