குதிரையின் வேகம்: டிராட் என்றால் இத்தனை கிலோமீட்டர் என்று முடிவு கட்டாதீர்கள்

டிராட் எனும் துள்ளோட்டத்தில் குதிரை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்டால் பலரும் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். முதல் தவறே அதுதான். டிராட் என்பது வேகத்தின் பெயர் அல்ல, கால் வைக்கும் ஒழுங்கின் பெயர். வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து விழும். அப்புறம் மற்ற ஜோடி. காதுக்கு இரண்டு குளம்பொலி. சாதாரண நடையில் நான்கு ஒலி, கேண்டர் எனும் மிதமான ஓட்டத்தில் மூன்று, நாலுகால் பாய்ச்சலில் மறுபடியும் நான்கு.

பொதுவாக நடை மணிக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர். டிராட் 13 முதல் 19 வரை. கேண்டர் 16 முதல் 27 வரை. பாய்ச்சல் 40க்கு மேல். டிராட்டின் மேல் எல்லையும் கேண்டரின் கீழ் எல்லையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பாருங்கள். வேகத்தை மட்டும் வைத்து இது எந்த நடை என்று சொல்லவே முடியாது. 1903ல் லூ டில்லன் என்ற பெண்குதிரை வண்டியை இழுத்துக்கொண்டு, டிராட்டிலேயே ஒரு மைலை 2 நிமிடத்தில் முடித்தது. மணிக்கு 48 கிலோமீட்டர்! எத்தனையோ குதிரைகள் பாய்ந்தாலும் எட்டாத வேகம் அது.

வேகத்தைக் கணக்கிடும்போது இன்னொரு சறுக்கல். நான்கு கால்களும் ஒருமுறை விழுந்து முடிவதுதான் ஓர் எட்டு. டிராட்டில் ஓர் எட்டுக்கு இரண்டு ஒலி. காதில் விழும் ஒவ்வொரு ஒலியையும் ஓர் எட்டாக எண்ணினால் விடை இரண்டு மடங்காகிவிடும். ஒரே ஒரு முன்காலைப் பார்த்து, அது தரையைத் தொடும்போது மட்டும் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 78 எட்டு, எட்டுக்கு 2.8 மீட்டர் என்றால் 218 மீட்டர் வருகிறது. அதாவது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர்.

சவாரி பழகுபவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது வேறு. குதிரையைப் படபடவென்று குறுகிய அடி வைக்க விட்டுவிட்டு, வேகம் கூடிவிட்டது என்று நம்புகிறார்கள். பழக்கிய குதிரையின் நீண்ட டிராட்டில் தாளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, எட்டுதான் நீள்கிறது. அவசரப்படுத்தப்பட்ட குதிரைக்கு முதுகு இறுகும், சமநிலை போகும், தூரமும் பெரிதாகக் கிடைக்காது. பாவம், அதைக் குதிரையின் சோம்பல் என்று வேறு சொல்வார்கள்.

சரி, பாய்ச்சலுக்கு வருவோம். 2008ல் வின்னிங் புரூ என்ற குதிரை மணிக்கு 70.76 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிச் சாதனை படைத்தது. ஆனால் ஓடிய தூரம் சுமார் 400 மீட்டர்தான். அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, கதையில் தூதுவன் காலை முதல் மாலை வரை நாலுகால் பாய்ச்சலில் போனான் என்று எழுதினால் குதிரை செத்துப்போகும். முழு வேகத்தை நல்ல குதிரையால்கூடச் சில கிலோமீட்டர்தான் தாங்க முடியும். நெடுந்தூரப் பயணத்தைச் சுமப்பது டிராட்டும் நடையும்தான், இடையிடையே ஓய்வும் தண்ணீரும்.

படம் வரைபவர்களுக்கும் ஒன்று. பாயும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னுமாக நீண்டு அந்தரத்தில் மிதப்பதுபோல் வரையாதீர்கள். 1878ல் புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் எடுத்த வரிசைப் படங்கள் காட்டியது இதற்கு நேர்மாறு: கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும் கணத்தில்தான் குதிரை தரையை விட்டு எழுகிறது.