ஸ்பின்னர் சுற்றவில்லையா? முதலில் பிரேக்கைப் பாருங்கள்

நுவரெலியாப் பக்கம் மழை பிடித்தால் உடுப்பு காய்வது வாஷிங் மெஷினில் ஈரம் பிழியும் ஸ்பின்னரை நம்பித்தான். இரட்டைத் தொட்டி மெஷினில் அது உறுமிக்கொண்டு மெதுவாகச் சுற்றினால், மோட்டர் போய்விட்டதென்று முடிவுகட்டாதீர்கள்.

உடுப்பில்லாமல் ஓட்டுங்கள். நன்றாகச் சுற்றினால் குற்றம் ஒருபக்கமாகக் குவிந்த ஸ்வெட்டரில்தான்.

இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, மெஷினின் பின்தகட்டைத் திறங்கள். ஸ்பின்னர் மூடியை மூடும்போது பிரேக் வயர் இழுபட்டு, பிரேக் கட்டை சக்கரத்தை விட்டு விலக வேண்டும். வயர் தொய்ந்திருந்தால் கட்டை உரசும்; கருகிய வாடை அதனால்தான். வயரை இழுத்து ஒரு துளை தள்ளி மாட்டுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், பிறகு பிரேக்கே பிடிக்காது.

கட்டை விலகி, தொட்டி கையால் இலகுவாகச் சுற்றியும் கரண்டில் உறுமல் மட்டுமென்றால், பெரும்பாலும் கோளாறு மோட்டரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரில்தான். அதில் எழுதியுள்ள மைக்ரோஃபாரட் அளவிலேயே வாங்குங்கள். பிளக் கழற்றிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். முனைகளை வெறுங்கையால் தொடவேண்டாம்.