2048: மூலை கைவிட்டுப் போகாமல் ஆடுவது எப்படி?

2048 என்பது நான்குக்கு நான்கு கட்டப் பலகையில் எண் டைல்களை நான்கு பக்கமும் தள்ளி, ஒரே எண்களைச் சேர்த்து 2048 வரை வளர்க்கும் ஆட்டம். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு புது டைல் விழும். மூன்று முறை 1024 வரை போய், மூன்று முறையும் ஒரே மாதிரி கவிழ்ந்தேன். நான்காவது முறைதான் 2048 வந்தது. தாம்பரம்–பீச் லோக்கல் ரயிலில், சைதாப்பேட்டை தாண்டும்போது. பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சா சார்?" என்று என்னைவிட நிம்மதியாகக் கேட்டார்.

யாரிடம் கேட்டாலும் "பெரிய எண்ணை மூலையில் வை, மேலே மட்டும் தள்ளாதே" என்பார்கள். சரிதான். ஆனால் இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் எந்த டைலும் நகரவே மாட்டேன் என்று நிற்கும்போது என்ன செய்வது? ஆட்டம் போவது அங்கேதான். இந்தப் பதிவின் பெரும்பகுதி அந்த இடத்தைப் பற்றியதுதான்.

எதில் ஆடுவது

பிரவுசரில் ஆடுங்கள், முடிந்தால் கீபோர்டின் அம்புக்குறி விசைகளோடு. 2014 மார்ச்சில் கேப்ரியேலே சிருல்லி என்ற 19 வயது இத்தாலியப் பையன் ஒரு வார இறுதியில் எழுதிய ஆட்டம் இது. மூல நிரலைத் திறந்தே வைத்துவிட்டதால் நூற்றுக்கணக்கில் நகல்கள் வந்துவிட்டன. பாதி நகல்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். யோசித்துக்கொண்டிருக்கும்போது விளம்பரம் குறுக்கே வந்தால் அடுத்த நகர்வு தப்பாகத்தான் போகும். என் அனுபவம்.

அன்டூ பொத்தான் இருந்தால் முதல் வாரம் அதைத் தொடாதீர்கள். தப்பு எங்கே நடந்தது என்றே தெரியாமல் போய்விடும்.

படி 1: சேரும் விதத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

ஒரே எண்கள் மோதினால் கூடும், அது தெரிந்ததே. ஆனால் ஒரு நகர்வில் ஒரு டைல் ஒரு முறைதான் சேரும். 2 2 2 2 என்று இருக்கும் வரிசையைத் தள்ளினால் 4 4 வரும், 8 வராது. 2 2 2 என்றால், எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கத்து ஜோடி முதலில் சேரும்: இடப்பக்கம் தள்ளினால் 4 2, வலப்பக்கம் தள்ளினால் 2 4.

புதிதாக விழும் டைல் பத்துக்கு ஒன்பது முறை 2, ஒரு முறை 4. அதாவது ஒவ்வொரு நகர்வுக்கும் பலகையின் மொத்தம் சராசரியாக 2.2 ஏறுகிறது. 2048-ஐ 2.2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 930. அத்தனை நகர்வு பொறுமை வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

படி 2: மூலை, பிறகு பாம்பு வரிசை

நான் இடது கீழ் மூலை. நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக எண்கள் குறைந்துகொண்டே வரட்டும். வலது ஓரத்தில் திரும்பி, இரண்டாம் வரிசையில் வலமிருந்து இடமாகக் குறையட்டும். வழக்கமான நகர்வு இடம், கீழ் இரண்டும்தான். கீழ் வரிசை நிரம்பி, அதில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண் இல்லை என்றால் வலமும் பயமில்லாமல் தள்ளலாம், அந்த வரிசை அசையாது.

படி 3: இடமும் கீழும் மறுக்கும்போது

என்னை மூன்று முறை கவிழ்த்தது இதுதான். பலகை இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

– – – –
4 – – –
16 8 – –
256 64 8 –

இடம் தள்ளினால் எதுவும் நகராது. கீழும் அப்படியே. மிச்சம் வலம், மேல்.

மேலே தள்ளினால் எல்லா டைலும் கூரைக்குப் போய் ஒட்டிக்கொள்ளும். காலி இடங்கள் பத்தும் அவற்றுக்குக் கீழே. புது டைல் எங்கே விழுந்தாலும், திரும்பக் கீழே தள்ளும்போது அந்த நெடுவரிசையின் அடியில்தான் போய் உட்காரும். வலது ஓர நெடுவரிசை முழுக்கக் காலி, அதிலுள்ள நான்கில் விழுந்தால் நஷ்டமில்லை. மற்ற ஆறில் எதில் விழுந்தாலும் 256, 64, 8 மூன்றில் ஒன்றுக்கு அடியில் ஒரு குட்டி டைல். பத்துக்கு ஆறு முறை கீழ் வரிசை கெடுகிறது.

வலம் தள்ளினால் இப்படி ஆகும்:

– – – –
– – – 4
– – 16 8
– 256 64 8

கீழ் வரிசையில் காலி ஒன்றே ஒன்று, மூலை. காலி இடங்கள் மொத்தம் பத்து. மூலையில் புது டைல் விழுவது பத்தில் ஒரு முறைதான். மீதி ஒன்பது முறை உடனே இடம் தள்ளினால் 256 வீடு திரும்பிவிடும்.

அந்த "உடனே"யில்தான் நான் விழுந்தேன். படத்தைப் பாருங்கள், வலது ஓரத்தில் 8-க்கு மேல் 8. சேர்த்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். கீழே தள்ளினால், புது டைல் இடது நெடுவரிசையில் எந்த உயரத்தில் இருந்தாலும் நேராக மூலைக்கு இறங்கிவிடும். பத்தில் ஒன்றாக இருந்த ஆபத்து நான்காகிறது. அதோடு கீழே தள்ளியதற்கு இன்னொரு டைல் வேறு விழும், அதுவும் மூலைக்குப் போகலாம். ஒரு 8-க்கு ஆசைப்பட்டு 1024-ஐத் தொலைத்தவன் சொல்கிறேன்: வலம் தள்ளினால் அடுத்தது இடம். நடுவில் வேறு எதுவும் கிடையாது.

படி 4: மூலையில் 2 உட்கார்ந்துவிட்டால்

புது மூலை தேடி ஓடாதீர்கள். உதாரணத்துக்கு:

– – – –
– – 8 –
512 16 64 4
2 128 64 16

கீழே தள்ளுங்கள். 64-உம் 64-உம் சேர்ந்து கீழ் வரிசை 2 128 128 16 ஆகும். இப்போது வலம். 128-கள் 256 ஆகி, 2 ஓர் இடம் நகர்ந்து, மூலை காலியாகும். மறுபடி கீழ். 512 மூலைக்கு இறங்கிவிடும். கீழ் வரிசை 512 2 256 16. நடுவில் மாட்டிக்கொண்ட 2 சாலையில் குழி மாதிரி உறுத்தும். மேலிருந்து 2, 4, 8 என்று ஊட்டி வளர்த்து பக்கத்து 256-உடன் சமன் செய்ய ஏறத்தாழ நூறு நகர்வு பிடிக்கும், செய்துவிடலாம்.

பின்சேர்க்கை 1: "படி 4-ஐ அப்படியே செய்தேன், 512 நடுவில் போய் நின்றுவிட்டது" என்று ஒருவர் எழுதியிருந்தார். தப்பு என்னுடையது, முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். வலம் தள்ளும் நேரத்தில் 512 இருக்கும் வரிசையும் நிரம்பியிருக்க வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் ஒரே எண்ணும் கூடாது. என் உதாரணத்தில் மேலே இருந்த 8 இறங்கி ஓட்டையை அடைத்துவிட்டதால் 512 16 8 4 அசையாமல் நின்றது. அந்த 8 இல்லையென்றால் 512-உம் வலப்பக்கம் வழுக்கியிருக்கும். முதலில் 512 இருக்கும் வரிசையில் ஓட்டை விழாதபடி பார்த்துக்கொண்டு இறங்குங்கள். அப்போதும் எட்டில் ஒரு முறை புது டைல் காலியான மூலையிலேயே விழும். அதற்கு மருந்து இல்லை.

பின்சேர்க்கை 2: கீழ் வரிசை மட்டும் நிரம்பி மேலே எல்லாம் காலி, எண்கள் நான்கும் வேறு வேறு, அப்போது மேலே தள்ளாமல் முடியாதே என்று இன்னொருவர். முடியாதுதான். மேல், உடனே கீழ். நான்கில் ஒரு முறை மூலை போகும். ஆட்டத் தொடக்கத்தில் வந்தால் கவலைப்படாமல் தொடருங்கள்.

பின்சேர்க்கை 3: இதே முறை த்ரீஸுக்கு ஆகுமா என்று கேட்கிறார்கள். அப்படியே ஆகாது. 2048-க்கு ஒரு மாதம் முந்தி வந்த அந்த ஆட்டத்தில் ஒரு தள்ளலுக்கு டைல்கள் ஒரு கட்டம்தான் நகரும், புதியது ஓரத்திலிருந்து உள்ளே நுழையும். அதில் நான் இன்னும் 768-ஐத் தாண்டவில்லை. தாண்டியதும் எழுதுகிறேன்.