காலியான ஷாப்பிங் மாலை ஊராக மாற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

புறநகரில் எட்டு, பத்து ஏக்கரில் ஒரு மால். கடைகள் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டன, எஸ்கலேட்டர் நின்றுவிட்டது, பார்க்கிங்கில் புல் முளைத்திருக்கிறது. அதை வீடு, கடை, ஆபீஸ், கிளினிக் எல்லாம் கலந்த நகர்மையமாக மாற்றலாம் என்று புதுவையிலும் கடலூரிலும் புதிதாக இறங்குகிறவர்களின் வரைபடங்களில் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அனுமதி வாங்குங்கள், மண் பரிசோதனை செய்யுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களும் சறுக்குகிற இடங்கள் மட்டும் இங்கே.

கட்டடத்தின் நடுவயிற்றில் வீடு வைப்பது

மால் கட்டடத்தின் அகலம் சாதாரணமாகவே 70, 80 மீட்டர் இருக்கும். ஜன்னலிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் உள்ள பகுதியை வெளிச்சம் பெறும் இடமாகத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கணக்கில் எடுப்பதில்லை. நடுவில் நடைபாதை, இரு பக்கமும் வீடு என்றால் ஒரு வரிசைக்கு 18 மீட்டர்தான் தாங்கும். 80 மீட்டர் அகலத்தில் அப்படி மூன்று வரிசை வைத்தால் 54 மீட்டர். மீதி 26 மீட்டரை 13 மீட்டர் அகலத்தில் இரண்டு முற்றங்களாக மேலிருந்து கீழ்வரை வெட்டித் திறக்க வேண்டும். அதாவது தளப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதை முதல் நாள் எக்செல் ஷீட்டிலேயே கழித்துவிடுங்கள். மாலின் நடுவில் கூரை வரை திறந்திருக்கிற ஏட்ரியம் ஒரு முற்றத்துக்கு உதவும். வெட்ட மனம் வராவிட்டால் அங்கே ஜிம், குடோன், சினிமா வைக்கலாம். படுக்கையறை மட்டும் வைக்காதீர்கள்.

ஸ்லாபைத் துளைத்துவிட்டு யோசிப்பது

மாலில் டாய்லெட் நாலைந்து இடத்தில்தான் இருக்கும். வீடு வந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 110 மி.மீ. கழிவுக் குழாய் இறங்க வேண்டும். மால் தளங்கள் பல இடங்களில் பி.டி. (போஸ்ட் டென்ஷன்) ஸ்லாப், உள்ளே இழுத்து முறுக்கேற்றிய கம்பிக் கற்றைகள் ஓடுகின்றன. கோர் கட்டிங் மிஷின் ஒரு கற்றையை அறுத்தால் அந்தத் துளையோடு சேதம் நிற்காது. பழைய வரைபடமும் ரேடார் ஸ்கேனும் ஒத்துப்போன பிறகுதான் துளையிட வேண்டும். இரண்டும் முரண்பட்டால் அந்த இடத்தைத் தொடாதீர்கள்.

இதோடு சேர்ந்து வருவது டாய்லெட் தரையை உயர்த்தி, உள்ளே 30 செ.மீ. செங்கல் ஜல்லி நிரப்பும் பழக்கம். அந்த நிரப்பு மட்டுமே ஒரு ச.மீ.க்கு 500 கிலோவைத் தாண்டும். கடைத் தளத்துக்குக் கட்டடச் சுமைகளுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமையே சுமார் 400 கிலோதான். தளத்துக்குத் தளம் நாலரை, ஐந்து மீட்டர் உயரம் கிடைப்பதால், குழாயை ஸ்லாபுக்கு அடியில் தொங்கவிட்டுக் கீழே ஃபால்ஸ் சீலிங் போடுங்கள். தடுப்புச் சுவருக்குச் செங்கல் வேண்டாம், எடை குறைந்த ஏ.ஏ.சி. கான்கிரீட் பிளாக் போதும்.

மட்டத்தைக் கடைசியில் பார்ப்பது

இதை நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இத்தனை பேர் பட்ட பிறகும் இது நடப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

மாலின் பேஸ்மட்டம் பார்க்கிங்கைவிட 75 செ.மீ.யிலிருந்து ஒரு மீட்டர் வரை உயரமாக இருக்கும். மாலுக்கு இரண்டு மூன்று வாசல்தான்; அங்கே படியும் சாய்தளமும் போட்டுச் சமாளித்துவிட்டார்கள். பார்க்கிங் முழுவதும் பின்பக்க மூலை ஒன்றை நோக்கிச் சரியும், அங்கே தண்ணீர் வெளியேற ஒரே ஒரு கல்வெர்ட் (சிறு மதகு). இப்போது அதே பார்க்கிங்கில் தெரு போட்டு, ஆறு மீட்டருக்கு ஒரு கடை வாசல் வைக்கிறார்கள். ஆர்க்கிடெக்ட் தெருவைத் தட்டையான பிளானில் வரைகிறார். ரோடு கன்சல்டன்ட் தனக்கென்று ஒரு மட்டம் வைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு பிளாக்கின் கான்ட்ராக்டரும் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பார்த்துத் தரை போடுகிறார்.

முடிவு எப்படி இருக்கும் என்றால், கடைத் தரை நடைபாதையைவிட 75 செ.மீ. மேலே நிற்கும். 15 செ.மீ. வீதம் ஐந்து ஏற்றம், நாலு படி, 1.2 மீட்டர் நீட்டம். 2.4 மீட்டர் நடைபாதையில் பாதி போயிற்று. சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 சரிவில் சாய்தளம் போட்டால் 9 மீட்டர் வேண்டும், கடையின் முகப்பே 6 மீட்டர்தான். வாடகைக்கு வருகிறவர் என்ன செய்வார்? வடிகால் மூடியின் மேலேயே கிரானைட் சாய்தளம் ஒன்றைப் போட்டுக்கொள்வார். பக்கத்துக் கடைக்காரர் அதைவிட இரண்டு அங்குலம் உயர்த்துவார். பிறகு வடிகாலைத் திறந்து தூர்வார முடியாது.

படி வேண்டாமென்று தரையை இறக்கிவிடுகிறவர்களும் உண்டு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுவையில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 10 ஏக்கர் மனையில் அந்த மழைக்குப் பத்தில் ஒன்பது பங்கு வழிந்தோடினால் 1 கோடியே 64 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 1,360 நடைக்கு மேல். இவ்வளவு தண்ணீரும் பின்பக்கத்து ஒற்றைக் கல்வெர்ட் வழியாகப் போகாது, புதிதாகத் திறந்த கடைகள் வழியாகத்தான் போகும்.

சாக்கடையும் மட்டத்தைச் சேர்ந்ததுதான். 150 மி.மீ. குழாய் 1-க்கு 150 சரிவில் 300 மீட்டர் ஓடினால் 2 மீட்டர் இறங்கும். 90 செ.மீ. ஆழத்தில் தொடங்கினால் எல்லையில் கிட்டத்தட்ட 3 மீட்டர். வெளிச்சாலை மேன்ஹோலின் அடிமட்டம் 1.8 மீட்டரில் இருந்தால் நிரந்தரமாகப் பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். கடலோர மணலில் மழைக்காலத்தில் 3 மீட்டர் பள்ளம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீரோடு கரையும் சேர்ந்து சரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆழக் குழாய் வேலையே வைக்காதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை தலைகீழானது, வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும்.

முதலில் மனை முழுவதும் 10 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் லெவல் எடுங்கள். கடல் மட்டத்தோடு இணைத்த ஒரு நிலைக்குறியை, இடிபடாத இடத்தில் பதியுங்கள். வெளிச்சாலை வடிகால், மேன்ஹோல் ஆகியவற்றின் அடிமட்டத்தைத் திறந்து அளந்து எழுதுங்கள். பக்கத்து வீட்டுச் சுவர்களில் 2015, 2024 வெள்ளக்கறை எந்த உயரம் என்று அங்கே குடியிருக்கிறவர்களிடமே கேட்டுக் குறியுங்கள்.

அடுத்து, தண்ணீர் கடைசியில் போய்ச் சேரும் இடம். புதுவையில் உப்பனாறு வாய்க்காலோ, கடலூரில் கெடிலமோ, வறண்ட நாளில் அடி எங்கே இருக்கிறது என்பதால் பயனில்லை. நிரம்பி ஓடும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. முகத்துவாரத்துக்கு அருகில் கடலேற்றமும் சேரும். அந்த மட்டம் உங்கள் குழாய் வாயைவிட மேலே போனால் தண்ணீர் திரும்பி உள்ளே வரும். ஒருவழி மடைக்கதவும், அது மூடியிருக்கும் நேரத்துக்கு மனைக்குள்ளேயே தேக்கமும் வேண்டும்.

அங்கிருந்து பின்னோக்கி வந்து தெருவின் மட்டத்தை முடிவு செய்யுங்கள். நீளவாக்கில் 1-க்கு 300, குறுக்கே 1-க்கு 40 சரிவு. தெருவுக்கு மேல் 15 செ.மீ. நடைபாதை. கடை வாசல் நடைபாதையோடு ஒட்ட வேண்டும். வெள்ளத்துக்காக இன்னும் உயரம் தேவையென்றால் அதை மனைக்குள் ஏற்றுங்கள். புதுவையின் தமிழ் வீதிகளில் இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. வைசியாள் வீதியில் நின்று பாருங்கள்: வீதி, தாழ்வாரம், திண்ணை, நடை என்று உயரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. கடையிலும் முன்பகுதி 2 மீட்டரைத் தாழ்வாக விட்டு, உள்ளே ஏற்றலாம். மின் பேனலும் பிளக்கும் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேல். வாசலில் வெள்ளத் தடுப்புப் பலகை சொருகக் காடி விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டால் ஒவ்வொரு முறையும் 4, 5 செ.மீ. ஏறும். மூன்று முறையில் நடைபாதை காணாமல் போய்விடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கீழ்த்தள பார்க்கிங்கில் ஜெனரேட்டர்

வைக்காதீர்கள்.

சுற்றுச்சுவரும் ஒற்றை கேட்டும்

கேட் இருந்தால் அது காலனி, நகர்மையம் இல்லை. அமெரிக்காவில் கொலராடோவின் லேக்வுட் புறநகரில் 1966-ல் திறந்த வில்லா இத்தாலியா மாலை இடித்துவிட்டு 104 ஏக்கரில் பெல்மார் நகர்மையத்தைக் கட்டியபோது, மனையை இருபதுக்கும் மேற்பட்ட பிளாக்குகளாகத் தெருக்களால் பிரித்தார்கள். 2004-ல் அது திறந்தது. நம் பக்கம் பிளாக் நீளம் 80, 100 மீட்டரைத் தாண்டாமல் இருந்தால் வெயிலில் நடக்க முடியும். கடலூர்ப் பக்கம் 10,000 ச.மீ.க்கு மேற்பட்ட மனையில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்காக எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பின்மூலையில் ஒளித்துவைக்காமல் முதல் தெருவின் முனையில் வைத்தால் கடைகளுக்கு ஆள் வரும்.

எந்த ஊர் விதி என்று பார்க்காமல் வரைவது

ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம், பக்கத்திலேயே கன்னியக்கோயில் புதுச்சேரி. தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளை வைத்து வரைந்த பிளான் எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது. கடைகளைத் தனித்தனியாக விற்ற மாலாக இருந்தால் இன்னும் சிக்கல்: ஒவ்வொரு கடைக்காரருக்கும் நிலத்தில் பிரிபடாத பங்கு இருக்கும். வில்லங்கச் சான்று எடுத்து அந்தப் பட்டியல் முடிந்த பிறகு ஆர்க்கிடெக்டிடம் போங்கள்.

தெருவின் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் கட்டுவது

இரண்டு பக்கமும் சேர்த்து 100 மீட்டர் முடியுங்கள். அது நிரம்பிய பிறகு அடுத்த 100.

ஒரே மின் இணைப்பு

மாலுக்கு ஒரே எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பு இருக்கும். அதிலிருந்தே வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் குடியிருப்பவர்கள் கடைக் கட்டணத்தில் மின்சாரம் வாங்க நேரிடும். வீட்டுக்கு வீடு எல்.டி. (தாழ்வழுத்த) மீட்டர், தனி டிரான்ஸ்பார்மர், பிளாக்குக்கு ஒரு மீட்டர் அறை. அந்த அறையும் டிரான்ஸ்பார்மர் மேடையும் மேலே சொன்ன வெள்ளக்கறைக்கு மேலே இருக்க வேண்டும். முகப்புத் தெருவில் கடைக்குரிய இடத்தை அவற்றுக்குக் கொடுக்காமல் பின்சந்தில் வையுங்கள்.